ஒண்டி மேரி வீட்டு வாசல்

மழைக்கு முந்தின ஈரக் காற்றில் உருகிய மெழுகின் வாடை கலந்து வந்தால் இன்றைக்கும் நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். மற்றவர்களுக்கு அது கோயில் வாசனை. எனக்கு அது அக்டோபர் மாதத்து வாசனை. பட்டாபிராமில் எங்கள் குவார்ட்டர்ஸ் தெருவில் மெழுகுவர்த்திகளைக் காகிதக் கூம்புக்குள் பிடித்துக்கொண்டு ஜனங்கள் பாடியபடி நெருங்கி வர, இந்த வருஷமாவது எங்கள் வீட்டுக்குள் வருவார்களா, இல்லை தாண்டித்தான் போவார்களா என்று கதவிடுக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற மாலைகளின் வாசனை அது.

ராணுவத்துக்குச் சாமான் செய்கிற ஆலைக்குச் சொந்தமான குடியிருப்பு அது. சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சோறு தின்று, சங்கு ஊதினால் வீடு திரும்புகிற ஊர். திருநெல்வேலி, தஞ்சாவூர், வேலூர், சித்தூர்ப் பக்கம் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் ஒரே மாதிரி மஞ்சள் சுவர் வீடுகளில் குடியிருந்தார்கள். எங்களைப் போன்ற வேதக்காரக் குடும்பங்கள் நிறைய. அதனால் மேரிகளும் நிறைய. எங்கள் வரிசையிலும் பின்வரிசையிலும் மட்டும் ஐந்து மேரிகள் இருந்தார்கள். குழப்பம் வரக்கூடாது என்று காலனி ஆளுக்கொரு அடைமொழி ஒட்டியிருந்தது. புருஷன் கிரேன் ஓட்டினால் "கிரேன் மேரி". உயரமாக இருந்தால் "நெட்ட மேரி". பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் "டீச்சர் மேரி". கோழி வளர்த்தவள் "கோழி மேரி". ஐந்தாவது மேரி "ஒண்டி மேரி". அது என் அம்மா.

எனக்கு நாலு வயதாக இருந்தபோது அப்பா அரக்கோணத்தில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் வைத்துக்கொண்டு போய்விட்டார். செத்துப்போயிருந்தால் அம்மாவுக்கு "விதவை" என்று ஒரு சொல் கிடைத்திருக்கும், அதில் கொஞ்சம் பரிதாபமாவது இருந்திருக்கும். அவர் உயிரோடு, நாற்பது நிமிஷ ரயில் தூரத்தில், சௌக்கியமாக இருந்தார். அதனால் அம்மாவுக்கு "ஒண்டி" என்ற சொல்தான் மிஞ்சியது. ஆலையில் தையல் பிரிவில் வேலை அவளுக்குத்தான், குவார்ட்டர்ஸும் அவள் பெயரில்தான். அப்பா இருந்த காலத்திலும் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அப்போது மட்டும் அவளை யாரும் ஒண்டி என்று சொல்லவில்லை.

தனியாக இருப்பதைச் சொல்ல அந்தத் தெருவில்தான் எத்தனை சொற்கள் இருந்தன! பூந்தமல்லிப் பக்கத்து ஜனங்கள் "ஒண்டியா கீறியா?" என்பார்கள். நெல்லைக்காரர்கள் "ஒத்தையிலயா இருக்க?" என்பார்கள். தெலுங்குக் குடும்பத்துப் பாப்பம்மா அம்மாவைப் பார்த்தாலே "ஒண்ட்டரி, ஒண்ட்டரி" என்று உச்சுக் கொட்டுவாள். சரக்கு ரயில் வந்து நிற்கும் சைடிங்கில் காவல் நின்ற வடக்கத்திச் சிப்பாய் "அகேலா" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பான். தமிழ் டீச்சர் "ஏகாந்தம்" என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்து, அது ஞானிகளுக்கு இன்பம் தருவது என்றார். வயிறு நிறைந்தவன் கண்டுபிடித்த வார்த்தை என்று எனக்கு அப்போதே பட்டது. ஏகம் என்றால் ஒன்று என்றும் அவரே சொன்னார். எங்கள் தெருமுனை சைக்கிள் கடை ஏகாம்பரத்துக்கு ஆறு பிள்ளைகள்.

ஆம்பளை தனியாக இருந்தால் அதே சொல் வேறு ருசியாக இருந்தது. காலனிக் கடைசியில் கல்யாணம் ஆகாத இளைஞர்கள் தங்கும் "பேச்சலர் பிளாக்" ஒன்று இருந்தது. "பாவம், ஒண்டிக்கட்டைங்க" என்று பண்டிகை வந்தால் வீட்டுக்கு வீடு அவர்களுக்குச் சோறும் குழம்பும் போகும். மைதானத்தில் பையன்கள் "ஒண்டிக்கு ஒண்டி வர்றியாடா?" என்று சட்டையைக் கழற்றினால் அது வீரம். பொம்பளை ஒண்டியாக இருந்தால் மட்டும் அது வியாதி. குழாயடியில் அம்மா குடத்தோடு வந்தால் புருஷன்மாரை வீட்டுக்குள் போகச் சொன்ன பொம்பளைகளை எனக்குத் தெரியும். "ஒண்டி மேரி" என்று யாராவது கூப்பிட்டால் அம்மா காது கேட்காதவள் போல நடந்துவிடுவாள். ஆனால் அவள் கழுத்து விறைத்துக்கொள்ளும். நான் பின்னாலேயே போகிறவள், எனக்கு அந்தக் கழுத்து தெரியும்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். அந்த மாதம் முழுக்க மாதா சுரூபம், கையில் தூக்கும் அளவுச் சிலை, காலனியில் வீடு வீடாகப் போகும். இன்று ஒரு வீட்டில் இரவு தங்கினால், நாளை மாலை அந்த வீட்டுக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு, எல்லோரும் மெழுகுவர்த்தியோடு பாடியபடி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாசற்படியில் நின்று இரண்டு கைகளாலும் மாதாவை வாங்குகிறவர் அந்த வீட்டுக் குடும்பத் தலைவர். பொம்பளைகள் மெழுகுவர்த்தி பிடிக்கலாம், சுண்டல் கொடுக்கலாம், பாடலாம். மாதாவை வாங்கக் கூடாது. எந்த வேதபுத்தகத்திலும் இப்படி எழுதியிருக்கவில்லை. ஆலையில் சார்ஜ்மேனாக இருந்த, காலனி ஜெபக் கூட்டத்தை நடத்திய சவரிமுத்து வைத்த சட்டம் அது.

தலைவர் இல்லாத வீடு என்பதால் எங்கள் வீட்டுக்கு மாதா வரமாட்டாள். இடதுபக்க வீட்டில் பிலோமி அக்கா. அவள் புருஷன் ஆரோக்கியம் சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து அவள் தலைமயிரைப் பிடித்து வாசலில் இழுத்துப்போட்டு அடிப்பான். அந்த வீட்டில் மாதா தங்குவாள், ஏனென்றால் அங்கே தலைவர் இருந்தார். அங்கிருந்து புறப்பட்டு எங்கள் வாசலில் நின்று, ஜனங்கள் ஒரே ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னதும், வலதுபக்கத்துக் கிரேன் மேரி வீட்டுக்குப் போய்விடுவாள். சாவு விழுந்த வீட்டைத் தாண்டுவது போலத் தாண்டுவார்கள். அம்மா உள்ளே நின்று விளக்கைக் கூட ஏற்றாமல் அந்த ஒரு ஜெபத்துக்கு மட்டும் பதில் சொல்லுவாள்.

எனக்குப் பதினோரு வயதான வருஷம், பூசை முடிந்ததும் அம்மா நேராகப் போய்ப் பங்குச் சாமியாரின் முன்னால் நின்றாள்.

"ஃபாதர், எங்க ஊட்டுக்கு மாதா வரணும். நான் இன்னா தீட்டா?"

சாமியார் நல்லவர், பயந்தவர். சவரிமுத்துவைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் அவங்க வீட்டுக்கும் கொண்டுபோயிடுங்க" என்றார். சவரிமுத்து தலையாட்டினார். இத்தனை சுலபமாக அவர் சம்மதித்தது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, எதற்கு என்று சொல்லாமல் சிரித்துக்கொண்டே வந்தாள்.

எங்கள் முறை வந்த அன்று அம்மா அரை நாள் லீவு போட்டாள். சிமெண்டுத் தரையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினாள். டீச்சர் மேரி வீட்டிலிருந்து மேசை வந்தது. பிலோமி அக்கா வீட்டிலிருந்து பெரிய குண்டான் வந்தது, அதில் கொண்டைக்கடலை வெந்தது. மேசைக்குப் பின்னால் திரை கட்ட வேண்டும் என்றதும் அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து தன் கல்யாணப் புடவையை எடுத்தாள். வெள்ளையில் சரிகை போட்டது.

"இதையாம்மா?" என்றேன்.

"வேற எதுக்கு ஆவப்போவுது?" என்று ஆணியில் மாட்டினாள்.

எங்கள் வீட்டு வாசலைத் தாண்டாமல் தெரு ஒரே ஒரு தடவை எங்களிடம் நிற்க வேண்டும், மற்ற வீடுகள் மாதிரி ஒரு வீடு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மாதாவை விட எனக்கு, மறுநாள் பள்ளிக்கூடத்தில் "நேத்து எங்க வீட்ல மாதா" என்று சொல்வதுதான் பெரிதாக இருந்தது.

இருட்டுகிற நேரத்தில் பாட்டுச் சத்தம் பிலோமி அக்கா வீட்டிலிருந்து புறப்பட்டது. அம்மா சுண்டல் கரண்டியைக் கூடக் கீழே வைக்காமல் வாசலுக்கு வந்தாள். கூட்டம் வழக்கத்தை விடப் பெரிதாக இருந்தது. வாசற்படிக்கு எதிரே ஆரோக்கியம் மாதாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். பாட்டு நின்றது. கூட்டம் நடுவில் பிளந்து ஒரு ஆளை முன்னால் தள்ளிவிட்டது. மடிப்புக் கோடு கலையாத புது வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. அவர் காது என் காது மாதிரியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

"பாப்பா" என்றார் அப்பா.

சவரிமுத்துவின் முகம் பூரித்துக் கிடந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரை அழைத்துக்கொண்டு அரக்கோணம் போய், பேசி, சட்டை வாங்கிக்கொடுத்து, அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அவரைக் கூட்டிவந்திருந்தார்கள். சாமியாரின் சொல்லையும் மீறக்கூடாது, தன் சட்டத்தையும் விடக்கூடாது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி இது. பெரிய புண்ணியம் செய்வதாகவே நம்பினார்.

"யம்மா மேரி, மாதா ஒன் வீட்டுக்குச் சும்மா வரல, ஒன் குடும்பத்தையும் சேத்துக் கூட்டிட்டு வந்திருக்காவ" என்றார். கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். சில பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அப்பா மாதாவை வாங்க இரண்டு கைகளையும் நீட்டினார்.

அம்மா படியிலிருந்து இறங்கி, நீட்டிய அந்தக் கைகளுக்கும் மாதாவுக்கும் நடுவில் நின்றாள். அவள் கழுத்து விறைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

"அண்ணே, நான் மாதாவத்தானே கேட்டேன்?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. தலைவன் இல்லாத வீட்ல மாதாவ எப்படி ராத்தங்க வைக்க? நான் சொல்லுதத கேளு, பழசெல்லாம் மறந்துரு."

"இந்தாளு கைல மாதாவக் குடுத்தா, நாளைக்கு சாயங்காலம் மாதா அடுத்த ஊட்டுக்குப் பூடுவாங்க. இந்தாளு போவானா?"

பின்னால் பிலோமி அக்கா மட்டும் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாலு பேர் எதிர்ல அசிங்கம் பண்ணாத மேரி" என்றார் அப்பா.

"போறப்போ நாலு பேரக் கேட்டுக்கினா போனே?"

"பாத்தியா வாய? ஒண்டிக்கு வாய் மட்டும் ஊரு நீளம்" என்று கோழி மேரி யாரிடமோ சொன்னது எல்லோருக்கும் கேட்டது. தூறல் விழ ஆரம்பித்தது. சுண்ணாம்பு மாவில் செய்த சுரூபம், நனைந்தால் வர்ணம் ஒழுகிவிடும். ஒருவர் துண்டை எடுத்து மாதாவின் தலையில் போட்டார். ஆரோக்கியம் சுரூபத்தை மார்போடு அணைத்துப் பிடித்தான்.

"அண்ணாத்தே, கை நோவுது. சட்டுனு ஒரு முடிவுக்கு வாங்க."

"மாதாவ வாசல்ல நிறுத்திட்டு வாதம் பண்ணாத, பாவம்" என்றார் சவரிமுத்து. அவர் குரலில் இப்போது புண்ணியம் இல்லை.

அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"மாதா ஊட்ல கடசீல எந்த ஆம்பள இருந்தாருண்ணே? புருஷன் சூசையப்பர் எப்பவோ பூட்டாரு. பெத்த புள்ளையயும் சிலுவைல அடிச்சிட்டானுங்க. அவங்களும் ஒண்டிதான். ஒண்டி ஊட்டுக்கு வரமாட்டேன்னு அவங்க சொல்றாங்களா, நீங்க சொல்றீங்களா?"

சவரிமுத்துவுக்குக் கோபம் வந்தது.

"வாங்குனா அவர் கையால வாங்கு. இல்லன்னா அடுத்த வீடு. அம்புட்டுதான்."

நான் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே மேசை காத்திருந்தது, திரை காத்திருந்தது. ஒரு தலையசைப்புப் போதும், மாதா உள்ளே வந்துவிடுவாள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள், வலிக்கிற மாதிரி பிடித்தாள். மாதாவின் முகத்தைத் துண்டுக்குக் கீழே குனிந்து ஒரு தடவை பார்த்தாள்.

"அப்போ அடுத்த ஊட்டுக்குத் தூக்கினு போங்க" என்றாள்.

போனார்கள். நிறுத்திய இடத்திலிருந்து பாட்டைத் தொடங்கத் தெரியாமல் ஆளுக்கொரு அடியில் தொடங்கிப் பாடிக்கொண்டே போனார்கள். அந்த வருஷம் வாசலில் ஒரு ஜெபம்கூடச் சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு வந்த ஆளை அப்படியே தெருவில் விட்டுவிட்டுப் போனார்கள். புதுச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்ட, அப்பா எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார்.

"அரக்கோணம் வண்டி இப்போ வர்ற நேரம். வெரசா நடந்தா புடிச்சிடலாம்" என்றாள் அம்மா. உள்ளே போய்ச் சுண்டலைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தாள். "பசியோட தொரத்திட்டான்னு ஒரு பேரு வேற வேணாம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பிலோமி அக்கா தன் மூன்று பிள்ளைகளோடு ஊர்வலத்திலிருந்து திரும்பி வந்தாள். "அம்மாம் சுண்டல யாரு துன்றது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து காலை மடக்கி உட்கார்ந்தாள். வெறும் மேசைக்கும் கல்யாணப் புடவைக்கும் முன்னால் அம்மா ஜெபமாலையைத் தொடங்கினாள். குரல் திடமாக இருந்தது. கிரேன் மேரி வீட்டிலிருந்து அவர்கள் பாடுவது சுவர் வழியாகக் கேட்டது. பிலோமி அக்கா இன்னும் சத்தமாகப் பதில் சொன்னாள். அன்று ராத்திரி அவள் புருஷன் அவளை அடித்தான். அந்தச் சத்தமும் சுவர் வழியாகக் கேட்டது. அம்மா போய் அவர்கள் கதவைத் தட்டினாள், சத்தம் நின்றது. சவரிமுத்து அந்தக் கதவைத் தட்டி நான் பார்த்ததில்லை.

ஒரு வாரம் காலனியில் வேறு பேச்சு இல்லை. புருஷனைத் துரத்தியவள், மாதாவைத் திருப்பி அனுப்பியவள் என்றார்கள். குழாயடியில் யாரோ முதுகுக்குப் பின்னால் வேண்டுமென்றே சத்தமாக "ஒண்டி மேரி வந்துட்டாடி" என்றார்கள். எப்போதும் நடந்துபோகிற அம்மா அன்று நின்று, குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஆமா, ஒண்டி மேரிதான். இன்னா வோணும், சொல்லு."

சொன்னவள் குடம் நிரம்புவதற்கு முன்பே தூக்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும், உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்டால் "நான்தான், ஒண்டி மேரி" என்றுதான் அம்மா சொல்லுவாள். எனக்கு அது பிடிக்காது. எவனோ எறிந்த கல்லை எடுத்து இவள் ஏன் மடியில் கட்டிக்கொள்கிறாள் என்று எரிச்சலாக வரும்.

அவள் ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்த வருஷம் வரைக்கும் மாதா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் ஒவ்வொரு அக்டோபரிலும் எங்கள் முறை வரவேண்டிய அன்று அம்மா தரையைத் தேய்த்துக் கழுவுவாள். வெறும் மேசையைப் போட்டுப் புடவையை மாட்டி, சுண்டல் வேகவைத்துக் கதவைத் திறந்து வைப்பாள். ஊர்வலம் தாண்டிப் போகும். போகிற வரிசையிலிருந்து பிலோமி அக்கா கழன்று உள்ளே வருவாள். பிறகு புருஷனை இழந்த டீச்சர் மேரி வந்தாள். பிள்ளைகள் கைவிட்ட ஒரு பெரியம்மா வந்தாள். பாப்பம்மாவுக்கு ஜெபமே தெரியாது, அவளும் வந்தாள். ஒரு வருஷம் கோழி மேரி வந்து ஒன்றும் பேசாமல் ஓரமாக உட்கார்ந்தாள். அம்மா அவளுக்கு முதலில் சுண்டல் கொடுத்தாள்.

அம்மா இறந்தபோது நாங்கள் காட்டுப்பாக்கத்துக்கு வந்துவிட்டிருந்தோம். பழைய காலனிச் சுவர்களில் ஒட்டுவதற்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடிக்கப் போனேன். கடைப் பையன், "அக்கா, பட்டப்பேர் எதுனா இருக்குதா? வெறும் மேரின்னா எந்த மேரின்னு ஜனத்துக்குத் தெரியாது" என்றான். அவன் சொன்னது நியாயம். வாயில் வந்துவிட்ட பெயரை விழுங்கி விழுங்கிப் பார்த்தேன். கடைசியில் "மேரி என்கிற ஒண்டி மேரி" என்று போடச் சொன்னேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "போடு" என்றேன். மறுநாள் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தை எங்கள் சந்து கொள்ளவில்லை. எங்கெங்கோ குடிபோயிருந்தவர்களெல்லாம் வந்தார்கள். பிலோமி அக்கா கம்பு ஊன்றிக்கொண்டு வந்தாள். சவரிமுத்துவும் வந்தார். கூட்டத்தின் ஓரத்தில் கைகட்டி நின்றார். நான் அவரிடம் பேசவில்லை, இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தமில்லை.

அந்த மஞ்சள் வீடுகள் இப்போது பூட்டிக் கிடக்கின்றன. சில கூரைகள் விழுந்து உள்ளே அரசமரம் முளைத்திருக்கிறது. "ஒண்டி" என்ற சொல்லும் போய்விட்டது. பிள்ளைகள் "சிங்கிள்" என்று சட்டையில் எழுதிப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். எங்கள் அடுக்குமாடிக்கு இப்போது மாதா லிஃப்டில் வருகிறாள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதினால் போதும். சென்ற அக்டோபரில் என் வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்த அன்று எங்கள் முறை வந்தது. கொண்டுவந்த பையன் தலைவர் யாரென்று கேட்கவில்லை, சுரூபத்தை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனான். இவ்வளவுதானா, இதற்கா அத்தனை பேர் மழையில் நின்று ஒரு பொம்பளையை மிரட்டினார்கள் என்று வந்த ஆத்திரத்தில் எனக்கு ஜெபம் வரவில்லை.

போன வாரம் என் மகள், மாசமாக இருக்கிறாள், செல்போனில் பிள்ளைக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தாள். "தனிமைன்னு அர்த்தம் வர்ற பேரா ஒரு பக்கம் முழுக்கப் போட்ருக்காங்கம்மா" என்று சிரித்தாள். ஏதோ ஒரு தேசத்தில் மகனைப் புதைத்துவிட்டுத் தனியாக நின்ற மாதாவுக்கே அப்படி ஒரு பெயர் உண்டாம், பெண்பிள்ளைகளுக்கு அதை ஆசையாக வைக்கிறார்களாம். எங்கள் அம்மா எந்தப் புத்தகமும் படிக்காமல் வாசற்படியில் நின்று அதைத்தானே சொன்னாள்.

"யாராவது தனிமைன்னு போயி பேரு வெப்பாங்களா?" என்றாள் மகள்.

"வெச்சாங்க. எங்கம்மாவுக்கு ஒரு காலனியே சேந்து வெச்சுது. திட்டறதுக்குன்னுதான் வெச்சாங்க" என்றேன். "அவ அதைக் கடசி வரைக்கும் தலை நிமிந்து சொல்லிக்கினு இருந்தா."